பாட்டு வந்தது, குரல் வரவில்லை

கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் ஒரே ரயிலில் கிள்ளான் போய்விடலாம். ஆனால் பெரியப்பா பாடி, பிரிக்பீல்ட்ஸில் பதிவு செய்த எங்கள் தைப்பூசப் பாட்டு அங்கே போய்ச் சேர மூன்று வாரம் ஆனது.

பதிவு நடந்தது கியூபேஸ் மென்பொருளில். கிள்ளானில் மிக்ஸிங் செய்யும் தம்பியிடம் இருப்பது லாஜிக். புரொஜெக்ட் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். “அண்ணே, இது திறக்கவே மாட்டேங்குது” என்றார். கியூபேஸ் உள்ள வேறொரு கணினியில் திறந்தோம். டிராக்குகள் வரிசையாகத் தெரிந்தன, சத்தம்தான் இல்லை.

புரொஜெக்ட் கோப்பு சமையல் குறிப்பு மாதிரி. குறிப்பு இருக்கும், அரிசி பருப்பு இருக்காது. எந்தக் குரல் எந்த நொடியில் தொடங்கும் என்பதை மட்டும் அது சொல்லும். குரல் ‘ஆடியோ’ என்ற தனி ஃபோல்டரில் கிடக்கும். அதை நான் எடுக்கவில்லை. அதற்குள் பதிவுக்கூடத்துக் கணினியிலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கோ தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. இனி அந்தக் குரல் வராது. பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றில் அந்த ஃபோல்டர் கிடைத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போதெல்லாம் பதிவு முடிந்த அன்றே ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்துவிடுகிறேன். உருமி இரண்டாம் நிமிடத்தில்தான் வந்தாலும், அதன் கோப்பு பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் தாளம் பிசகாது. பாட்டின் வேகத்தையும் சாம்பிள் ரேட்டையும் எழுதிக் கொடுங்கள். 48,000-இல் பதிந்ததை 44,100 என்று ஓட்டினால் பாட்டு மெதுவாகி, சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கிவிடும். எஃபெக்ட் சேர்க்காத நகல் ஒன்றும், சேர்த்த நகல் ஒன்றும் இருக்கட்டும்.

2023-இல் பிட்விக், பிரிசோனஸ் நிறுவனங்கள் ‘டாவ்புரொஜெக்ட்’ என்ற பொதுக் கோப்பு முறையை வெளியிட்டன. பிறகு கியூபேஸும் சேர்ந்துகொண்டது. நல்ல முயற்சிதான், ஆனால் எல்லா மென்பொருளும் அதை ஏற்பதில்லை. 1991-இல் வந்த வேவ் கோப்பை இன்றைக்கும் எல்லாமே திறக்கின்றன.

உங்கள் வீட்டிலும் யாராவது பாடிப் பதிந்திருந்தால், இந்த வாரமே அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே குறிப்பு மட்டும் இருக்கிறதா, குரலும் இருக்கிறதா?