முழங்காலைப் படியாக்கிய நபியும் தட்டைக் கழுவாத உம்மத்தும்!

ஹிஜ்ரி 7. கைபரிலிருந்து படை மதீனா திரும்புகிறது. அன்னை ஸஃபிய்யா (ரலி) ஒட்டகத்தில் ஏற வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒட்டகத்தின் அருகே அமர்ந்து தமது முழங்காலை வைக்க, அதன்மீது கால் வைத்து அன்னையார் ஏறினார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. ஒரு படையே உடன் வந்த பயணம் அது!

இப்போது குமாரபாளையத்துக்கு வாருங்கள். மனைவி காய்ச்சலில் படுத்திருக்க, ஒரு சகோதரர் குழாயடியில் பாத்திரம் துலக்கினால் போதும். மாலைக்குள் தறிப்பட்டறை வரை செய்தி போய்விடும். 'பொண்டாட்டிதாசன்' என்று பட்டம் கட்டிவிடுவார்கள். கட்டுகிறவர்களில் ஐவேளைத் தொழுகையாளிகளும் உண்டு என்பதுதான் வேதனை!

கேட்டால், "ஆண் வெளியே உழைக்கிறான், பெண் உள்ளே உழைக்கிறாள், இது இயற்கைப் பங்கீடு" என்கிறார்கள். இந்த ஊரில் பெண் உள்ளேதான் இருக்கிறாளா? லுங்கியும் துண்டும் ஓடும் தறிகளுக்குத் தார் சுற்றுவது யார்? வேலை முடிந்ததும் ஆண் டீக்கடைக்குப் போகிறான், பெண் அடுப்படிக்குப் போகிறாள். அவள் கூலியை வாங்கக் கூசாத கை, அவள் துடைப்பத்தை வாங்க மட்டும் ஏன் கூசுகிறது?

'வீட்டு வேலை மனைவியின் கடமை' என்று அடித்துப் பேசுகிறவர்கள் கிதாபுகளைத் திறந்து பார்க்கட்டும். அன்னை ஆயிஷாவின் சகோதரி அஸ்மா (ரலி), கணவர் ஜுபைரின் குதிரையைப் பராமரித்தார்கள். பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார்கள். இந்த ஹதீஸை விளக்கும் இமாம் நவவி, இவை மனைவி மனமுவந்து செய்யும் உபகாரம், கட்டாயமல்ல என்கிறார். ஹனஃபி அறிஞர்கள் இதை மார்க்கப் பொறுப்பு என்பார்கள். ஆனால் காஜி வற்புறுத்த முடியாது என்பார்கள். ஆக, காலையில் நம் கைக்கு வரும் தேநீர் பாக்கி வசூல் அல்ல, அவள் தரும் தானம்!

நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் கேட்டபோது, வீட்டாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) பதில் சொன்னார்கள். இதை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்? மிஸ்வாக் சுன்னத், தாடி சுன்னத்... விளக்குமாறு மட்டும் பித்அத்தா?

ஆணுக்குச் சமைக்கத் தெரியாது என்ற கதையும் வேண்டாம். ரமளானில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவது ஆண்கள். கல்யாணத்தில் பிரியாணிக்குத் தம் போடுவதும் ஆண்கள். கூலியோ பெயரோ கிடைக்கும் இடத்தில் கரண்டி பிடிக்கும் கை, ஸஹருக்கு வீட்டில் அடுப்பு எரியும்போது போர்வைக்குள் போய்விடுகிறது!

மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம்; ஆண் 97 நிமிடம். அதிலும் ஈடுபடும் ஆண்களே 100க்கு 26 பேர்தான். இல்லத்தரசியின் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு விபத்து வழக்கில் சொன்னபோது, இந்த ஆய்வைத்தான் எடுத்துக்காட்டியது. இது எல்லாச் சமூகத்து வீடுகளின் கணக்கும்தான். அதற்காக 'ஊரே அப்படித்தான்' என்று ஒதுங்கிவிடலாமா? உலகுக்கு முன்மாதிரிச் சமுதாயம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் நாமல்லவா!

இஸ்லாம் பெண்ணை அடிமைப்படுத்துகிறது என்று எவனாவது எழுதினால் பக்கம் பக்கமாக மறுப்பு எழுதுகிறோம். எழுதிவிட்டு, கூட்டம் முடிந்து இரவு 11 மணிக்குக் கதவைத் தட்டி, தூங்கியவளை எழுப்பிச் சூடாக இரண்டு தோசை கேட்கிறோம். எழுதும் நானும் இதில் விதிவிலக்கல்ல.

நிக்காஹ் பதிவுக்கு வரும் மாப்பிள்ளையிடம் மஹர் எவ்வளவு என்று கேட்கிற ஜமாஅத்தார்கள், சோறு வடிக்கத் தெரியுமா என்றும் இனிக் கேட்கட்டும். வரும் ஜும்ஆவில் இமாம் பெருமக்கள் அந்த ஒட்டகத்தைப் பற்றிப் பேசட்டும்.