இம்பீடன்ஸ் அடாப்டர்: ஒலியைக் கூட்டாது, குறைக்கும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் அல்லது மொபைல் போன் வாங்கியவர்கள் அடுத்ததாக வாங்குவது ஹெட்போன் அல்லது இயர்போன். வாங்கிச் சில நாட்கள் கேட்ட பின், 'இன்னும் கொஞ்சம் நன்றாகக் கேட்டால் தேவலையே' என்ற ஆசை வருகிறது. இந்த ஆசையை நம்பி இணையக் கடைகளில் பல பொருட்கள் விற்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று இம்பீடன்ஸ் அடாப்டர். விரல் நீளமே உள்ள சிறிய வயர். ஒரு முனையை மொபைல் போனில் செருக வேண்டும். மறு முனையில் ஹெட்போனைச் செருக வேண்டும். 'இதனை இணைத்தால் ஒலித் தரம் உயரும்' என்று விளம்பரம் சொல்கிறது.

தருமபுரியில் இருக்கும் என் சித்தப்பா மகன் இதனை வாங்கி விட்டு என்னிடம் கொண்டு வந்தான். பெங்களூருவில் படிப்பவன். வாரந்தோறும் பேருந்தில் வந்து போகிறவன். "அண்ணா, இதப் போட்டா சவுண்ட் சூப்பரா இருக்கும்னு போட்டிருந்தாங்க. போட்டா முன்ன விட கம்மியாத்தான் கேக்குது. ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டான்.

அடாப்டரைச் சோதித்துப் பார்த்தேன். அதில் எந்தக் குறையும் இல்லை. அது செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தது. விளம்பரத்தில் சொன்ன வேலை வேறு; அவ்வளவுதான். இந்த அடாப்டர் ஒலியைக் கூட்டுவதற்கு அல்ல, குறைப்பதற்கு என்பதே உண்மை. அதனைத் தெரிந்து கொண்டு வாங்கினால் இது நல்ல பொருள். தெரியாமல் வாங்கினால் பணம் வீண்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒவ்வொரு ஹெட்போனுக்கும் இம்பீடன்ஸ் என்று ஓர் அளவு உண்டு. மின்சாரம் தன் வழியே செல்வதை அது எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் அளவு இது. ஓம் என்ற அலகில் சொல்லப்படும். போனுடன் பயன்படுத்தும் இயர்போன்கள் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம். ஸ்டூடியோக்களில் பயன்படும் பெரிய ஹெட்போன்களில் 250, 300 ஓம் உள்ளவையும் உண்டு. நீங்கள் வாங்கிய ஹெட்போன் எத்தனை ஓம் என்பது அதன் அட்டைப் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

அடாப்டரின் உள்ளே இருப்பவை ரெசிஸ்டர்கள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. பேட்டரி, சிப், ஆம்ப்ளிபையர் எதுவும் கிடையாது. ரெசிஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள். வெளியிலிருந்து மின்சாரம் பெறாத ஒரு பொருள், வரும் சிக்னலைப் பெரிதாக்க முடியாது. ரெசிஸ்டரால் முடிந்தது, வருவதில் ஒரு பங்கைத் தானே எடுத்துக் கொள்வது மட்டுமே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

75 ஓம் அடாப்டர் ஒன்றில் 16 ஓம் இயர்போனை இணைக்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து 91 ஓம். போன் தரும் வோல்டேஜ் இந்த 91-க்கும் பகிர்ந்து அளிக்கப்படும். இயர்போனுக்குக் கிடைப்பது 91-இல் 16 பங்கு. அதாவது சுமார் 18 சதவீதம். மீதி 82 சதவீதம் ரெசிஸ்டரில் வெப்பமாகப் போய்விடும். ஒலியின் கணக்கில் இது ஏறத்தாழ 15 டெசிபல் குறைவு. 32 ஓம் இயர்போன் என்றால் சுமார் 10 டெசிபல் குறையும். 300 ஓம் ஹெட்போன் என்றால் 2 டெசிபல் மட்டுமே குறையும். எந்த ஹெட்போனை எடுத்துக் கொண்டாலும் குறையத்தான் செய்யும், கூடாது. என் தம்பிக்கு முன்பை விடக் குறைவாகக் கேட்டதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் ஏன் செய்தார்கள்?

இதற்கு உண்மையான பயன்களும் உண்டு. முதலாவது, 'உஸ்' என்ற இரைச்சல். மிகச் சிறிய சிக்னலுக்கே உரக்க ஒலிக்கும் இயர்போன்கள் சில இருக்கின்றன. இவற்றைச் சில போன்களிலும் லேப்டாப்களிலும் இணைத்தால், பாட்டு ஓடாத நேரத்திலும் பின்னணியில் 'உஸ்' சத்தம் கேட்கும். அடாப்டர் இந்த இரைச்சலையும் அதே அளவு குறைத்து விடும். குறைந்த பாட்டை போனின் வால்யூமைக் கூட்டிச் சரி செய்யலாம்; இரைச்சல் அதனுடன் சேர்ந்து கூடாது. இது நிஜமான முன்னேற்றம்.

இரண்டாவது, பழைய கருவிகளில் தாளம் மெலிந்து கேட்கும் குறை. முன்பு வந்த சில போன்களிலும் எம்.பி.3 பிளேயர்களிலும் ஹெட்போனுக்குச் செல்லும் வழியில் ஒரு கப்பாசிட்டர் இருக்கும். 100 மைக்ரோ பாரட் கப்பாசிட்டரும் 16 ஓம் இயர்போனும் சேர்ந்தால் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகள் தேயத் தொடங்கும். தவிலின் தொப்பி ஓசையும் பேஸ் கிடாரும் மெலிந்து போகும். 75 ஓம் அடாப்டரைச் சேர்த்தால் இந்த எல்லை சுமார் 17 ஹெர்ட்ஸுக்கு இறங்கி விடும். அதாவது தாளம் திரும்பக் கிடைக்கும். 'அடாப்டர் போட்டால் பேஸ் வரும்' என்று அன்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இன்றைய போன்களில் உள்ள ஆடியோ சிப்கள் பெரும்பாலும் இந்தக் கப்பாசிட்டர் இல்லாமலேயே இயங்குகின்றன. இல்லாத குறைக்கு மருந்து எதற்கு?

மூன்றாவது, இயர்போன் தயாரித்த நிறுவனமே அடாப்டரைப் பரிந்துரைப்பது. அமெரிக்காவின் எடிமோட்டிக் நிறுவனம் இ.ஆர்.4பி என்ற தன் இயர்போனை இ.ஆர்.4எஸ் என்ற மாடலைப் போல ஒலிக்கச் செய்ய, 75 ஓம் அடாப்டர் வயரைத் தானே விற்றது. அங்கே அது கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது.

எல்.ஜி. நிறுவனத்தின் வி30 (2017) போன்ற போன்களின் கதை சற்று வித்தியாசமானது. செருகப்படும் ஹெட்போன் எத்தனை ஓம் என்று இந்த போன் தானே அளந்து பார்க்கும். 50 ஓமுக்கு மேல் என்றால் கூடுதல் வோல்டேஜ் தரும். ஆகவே சிலர் இயர்போனை அடாப்டருடன் செருகி, போனை நம்ப வைத்தார்கள். ஆனால் போன் கூட்டிக் கொடுத்ததை அடாப்டரின் ரெசிஸ்டரே விழுங்கி விடும் என்பதை மறந்து விட்டார்கள். எல்.ஜி. 2021 ஏப்ரலில் மொபைல் போன் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்து விட்டது. உங்கள் கையில் இருப்பது வேறு போன் என்றால், இந்த யோசனையை அதில் முயல வேண்டியதில்லை.

எப்போது கெடுக்கும்?

சாதாரண இயர்போனில் ஒரு காதுக்கு ஒரே ஒரு சிறிய ஸ்பீக்கர்தான் இருக்கும். அதில் அடாப்டர் போட்டால் ஒலி குறையும். ஒலியின் தன்மை பெரிதாக மாறாது. ஆனால் விலை உயர்ந்த சில இயர்போன்களில் ஒரு காதுக்கு இரண்டு, மூன்று, அதற்கும் மேல் ஸ்பீக்கர்கள் உண்டு. இவற்றின் இம்பீடன்ஸ் எல்லா ஒலிகளுக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஓர் ஒலிக்கு 10 ஓம், இன்னொன்றுக்கு 50 ஓம் என்று மாறும் ஓர் இயர்போனில் 75 ஓம் அடாப்டரைப் போட்டால், அந்த இரண்டு ஒலிகளுக்கும் இடையே 10 டெசிபல் வித்தியாசம் புதிதாக வந்து விடும். பாடகர் குரல் பின்னே போய், சிம்பல் ஓசை முன்னே வரலாம். சிலருக்கு இந்த மாற்றமே பிடித்துப் போய், 'தரம் உயர்ந்து விட்டது' என்பார்கள். ஒலி மாறியதா, தரம் உயர்ந்ததா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மைக்கையும் கவனியுங்கள். உங்கள் இயர்போன் பின்னில் மூன்று வளையங்கள் இருந்தால் அதில் மைக் உண்டு. இரண்டு வளையங்கள் என்றால் இல்லை. இரண்டு வளைய அடாப்டரில் மைக் உள்ள இயர்போனைச் செருகினால் பாட்டு கேட்கும்; உங்கள் பேச்சு எதிர்முனைக்குப் போகாது. ப்ளூடூத் இயர்போன் வைத்திருப்பவர்களுக்கு இந்த அடாப்டர் எந்த விதத்திலும் பயன்படாது. செருக இடமே இல்லை.

காசு செலவில்லாத சோதனை

இயர்போனில் ஒலி மெலிந்து கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம் போன் அல்ல. காதில் செருகும் ரப்பர் சரியாகப் பொருந்தாததே. இதனை நீங்களே உங்கள் கம்ப்யூட்டரில் சோதிக்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைத் தேர்ந்தெடுத்து, 60 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிட்யூட் 0.2 என்று கொடுத்து உருவாக்குங்கள். கம்ப்யூட்டரின் வால்யூமைக் குறைவாக வைத்து இயக்குங்கள். இப்போது இயர்போனைச் சற்றுத் தளர்த்துங்கள். பிறகு மெதுவாக அழுத்துங்கள். தளர்த்தும்போது காணாமல் போகும் ஒலி அழுத்தியவுடன் திரும்ப வந்தால், உங்களுக்குத் தேவை அடாப்டர் அல்ல. சரியான அளவு ரப்பர். இயர்போனுடன் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி தந்திருப்பார்கள். பெரும்பாலோர் பெட்டியிலேயே விட்டு விடுகிறோம். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பேருந்துக் கணக்கு

தம்பி ஏன் ஒலி போதவில்லை என்று நினைத்தான்? வீட்டில் கேட்கும்போது அவனுக்குக் குறையே தெரியவில்லை. பேருந்தில்தான் போதவில்லை. எஞ்சின் சத்தம், காற்று, ஹாரன், டிரைவர் போட்ட பாட்டு எல்லாவற்றையும் மீறிக் கேட்பதற்காக போனின் வால்யூமைக் கடைசி வரை வைத்திருந்தான். இறங்கிய பிறகும் காதில் 'ஙொய்' என்று கேட்கும் என்பதைச் சாதாரணமாகச் சொன்னான். எனக்குக் கவலை தந்தது இதுதான்.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு கணக்குத் தந்துள்ளது. பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்திற்கு 4 மணி நேரம் மட்டுமே. பெங்களூருவிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரிக்குப் பேருந்தில் வர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகிறது. போக மூன்று, வர மூன்று. 90 டெசிபலில் கேட்டுக் கொண்டே ஒரு முறை வந்து போனாலே அந்த வாரத்திற்கான அளவைத் தாண்டி விடுகிறோம். மீதி ஐந்து நாட்கள் கேட்பது அதற்கு மேல் கணக்கு. உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. போன் பழுதானால் வேறு வாங்கலாம்; காதை எங்கே வாங்குவது?

எனவே அவனிடம் இரண்டு சொன்னேன். முதலில் பெரிய ரப்பரைப் போட்டுக்கொள். வெளிச்சத்தம் உள்ளே வராவிட்டால் வால்யூமைக் கூட்டத் தேவையே இருக்காது. இரண்டாவது, வாங்கிய அடாப்டரைத் தூக்கி எறியாதே. வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கை கம்ப்யூட்டரில் ஹெட்போன் மாட்டிப் பாடம் கேட்கிறாள். அவளுக்குக் கொடு. குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இன்னும் குறைவு. 75 டெசிபல், வாரத்திற்கு 40 மணி நேரம். அவள் அறியாமல் வால்யூமைக் கடைசி வரை தள்ளினாலும், நடுவில் இருக்கும் ரெசிஸ்டர் 10, 15 டெசிபலைப் பிடித்துக் கொள்ளும். விலை உயர்ந்த சாப்ட்வேர் செய்யும் வேலையைச் சில ரூபாய் ரெசிஸ்டர் செய்கிறது. ஆனால் கழற்றினால் பாதுகாப்பும் போய்விடும் என்பதை அவளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ஹெட்போன் சேப்டி என்ற பிரிவில் ஒலிக்கு எல்லை அமைக்கலாம். ஆண்ட்ராய்ட் போன்கள் பலவற்றிலும் வால்யூம் எல்லை அமைக்கும் வசதி உண்டு. உங்கள் போனில் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.

புதிதாக எதை வாங்கும் முன்பும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: 'இதன் உள்ளே இருப்பது என்ன? அது எங்கிருந்து சக்தி பெறுகிறது?' பதில் 'இரண்டு ரெசிஸ்டர். எங்கிருந்தும் இல்லை' என்றால், அது கூட்டும் பொருள் அல்ல, குறைக்கும் பொருள். நம் காதுகளுக்கு இன்று தேவைப்படுவதும் பெரும்பாலும் குறைப்பதுதான்.