இடம் மாற்றி வைக்கப்பட்ட குற்றம்: ‘ஸ்பேஸ் சீட்’ அத்தியாயத்தை மீண்டும் பார்க்கையில்

1967 பிப்ரவரி 16 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ஸ்பேஸ் சீட்’ என்னும் ‘ஸ்டார் டிரெக்’ அத்தியாயத்தைப் பற்றி இந்திய ரசிகர்களிடம் பேச்செடுத்தால், பெரும்பாலும் நடிகர் தேர்வு குறித்த குறையே முதலில் வரும். கான் நூனியன் சிங் என்ற சீக்கியராக நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டால்பான். தோலுக்கு நிறம் பூசினார்கள், தாடி வைக்கவில்லை, தலைப்பாகைகூடக் கப்பலின் வரலாற்றாய்வாளர் தீட்டும் ஓவியத்தில்தான் வருகிறது. 2013இல் அதே பாத்திரத்தை ஆங்கிலேயரான பெனடிக்ட் கம்பர்பேட்ச் ஏற்றபோது, இந்தியருக்குரிய வேடம் பறிபோயிற்று என்ற குமுறல் எழுந்தது. பறிபோன வேடம் எப்படிப்பட்டது என்பதைக் குமுறியவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

கதை எளியது. விண்வெளியில் கைவிடப்பட்டு மிதக்கும் ஒரு பழங்கலத்தை எண்டர்பிரைஸ் கண்டெடுக்கிறது. உள்ளே உறைதூக்கத்தில் கானும் அவனுடைய கூட்டத்தாரும் கிடக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில், தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தின் வழியே உருவாக்கப்பட்ட அதிமனிதர்கள் இவர்கள்; நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே காலத்தில் ஆட்சியைக் கைப்பற்றியவர்கள். கான் 1992 முதல் 1996 வரை ஆசியா தொடங்கி மேற்காசியா வரை, உலகின் கால் பங்குக்கும் மேலான நிலப்பரப்பை ஆண்டவன். ஆக, யூஜெனிக்ஸ் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கையின் விளைபொருளுக்கு முகவரி ஆசியா, காலம் எதிர்காலம், முகம் வட இந்தியன்.

அத்தியாயம் படமாக்கப்பட்ட மாநிலத்தின் சட்டப்புத்தகம் அன்று வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. கலிபோர்னியா 1909இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. மனநோயாளிகள், அறிவுத்திறன் குறைந்தோர் என்று முத்திரை குத்தப்பட்டு அரசு விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்தவர்களில் ஏறத்தாழ 20,000 பேர் அச்சட்டத்தின்கீழ் அறுக்கப்பட்டார்கள். அமெரிக்க மாநிலங்களிலேயே அதிகமான எண்ணிக்கை அது. ஹாலிவுட்டுக்கு அண்டையிலுள்ள பாசடேனாவில் 1928இல் தொடங்கப்பட்ட ‘ஹியூமன் பெட்டர்மென்ட் ஃபவுண்டேஷன்’ இந்த அறுவைகளைப் புகழ்ந்து வெளியிட்ட பிரசுரங்களை ஜெர்மானிய இனவாதிகள் ஆவலுடன் படித்தார்கள். 1950களுக்குப் பின் அறுவைகள் வெகுவாகக் குறைந்தன என்பது உண்மை. ஆயினும் கான் திரையில் தோன்றிய நாளில் அச்சட்டம் உயிரோடுதான் இருந்தது. அது நீக்கப்பட்டது 1979இல்.

இவ்வளவும் காலடியில் கிடக்க, குற்றவாளியைத் தேடிப் பஞ்சாப் வரை போயிருக்கிறது எழுத்து. முதல் வரைவுகளில் அவனுக்கு நார்டிக் இனப்பெயர் இருந்ததென்பது தொடரின் வரலாற்றை அறிந்தோர் அறிந்த செய்தி. வெள்ளை இனத் தூய்மையைக் கனவு கண்ட ஒரு கொள்கைக்கு அந்தப் பெயரே நேர்மையான பெயர். நடிகர் மாறியபோது இனமும் மாற்றப்பட்டது. தீய எண்ணம் எவருக்கும் இருந்திருக்க வேண்டியதில்லை, வசதியே போதுமானது.

ஓர் ஆசியனை உடலாலும் அறிவாலும் உயர்ந்தவனாகக் காட்டியது அக்காலத்துக்குப் புரட்சி என்று சிலர் வாதிடுவதுண்டு. உயர்ந்தவனாகக் காட்டி, அந்த உயர்வையே அச்சத்துக்குரியதாக்கியதைப் புரட்சி என்பது தாராள மனம்தான். அதைவிடக் கனமான வாதம், இந்த அத்தியாயம் இனமேம்பாட்டுக் கொள்கைக்கு எதிரான எச்சரிக்கை என்பது. எதைக் கண்டு எச்சரிக்கிறது? பலசாலிகளை உருவாக்கினால் அவர்கள் ஆளத் துடிப்பார்கள் என்பதைக் கண்டு. மெய்யான வரலாற்றில் இக்கொள்கை ஒரு பலசாலியைக்கூட உருவாக்கவில்லை. அதன் வேலையெல்லாம் ஏழைகளையும் நோயாளிகளையும் குடியேறியவர்களையும் மேசையில் கிடத்தி, அவர்களுக்குப் பிள்ளை பிறவாமற் செய்வதாகவே இருந்தது. அந்த உடல்களில் ஒன்றுகூட இக்கதையில் இல்லை. கொள்கையை அதன் விளம்பரத்தில் எழுதியிருந்தபடியே நம்பிவிட்டு, பிறகு அதைக் கண்டு அஞ்சுகிறது அத்தியாயம்.

அஞ்சுவதும் அரைமனதோடுதான். கான் யாரென்று தெரிந்தபின் அதிகாரிகள் கூடிப் பேசும் காட்சியைக் கவனிக்க வேண்டும். கொடுங்கோலர்களில் இவன் மேலானவன் என்கிறார் கேப்டன் கிர்க். தமக்குள் அவன்மேல் ஒரு மதிப்பு உண்டென்று ஒப்புகிறார் ஸ்காட். படுகொலைகள் இல்லை, தாக்கப்படும்வரை அவன் போர் தொடுக்கவில்லை என்று கணக்குச் சொல்லப்படுகிறது. விடுதலையும் இருக்கவில்லை என்று நினைவூட்டுபவர் ஸ்பாக் ஒருவரே. அவர் முழு மனிதரும் அல்லர். அவருடைய திகைப்பை மற்றவர்கள் புன்னகையோடு கடந்துவிடுகிறார்கள். ‘அந்த ஆட்சியில் ரயில்கள் நேரத்துக்கு ஓடின’ என்று நெருக்கடி நிலைக் காலத்தைப் பற்றிப் பெருமூச்சு விடும் குரலை இந்தியாவில் கேட்டவர்களுக்கு இக்காட்சி அந்நியமாக இராது. அந்த ஆட்சியில்தான் 1976–77ஆம் ஆண்டில் மட்டும் 81 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. ஆள்பிடிக்க அதிமனிதர்கள் தேவைப்படவில்லை. இத்தனை பேர் என்று இலக்குக் கொடுக்கப்பட்ட பள்ளி ஆசிரியர்களே போதுமானவர்களாக இருந்தார்கள். கானின் இனத்துக்காகப் புண்படும் இந்தியர், அவனை வியக்கும் அந்த மேசையில் தமக்கும் ஓர் இருக்கை கிடப்பதைப் பார்ப்பதில்லை.

இதில் வரலாற்றாய்வாளர் மார்லா மெக்கைவர்ஸுக்கு இழைக்கப்பட்டது தனி அநீதி. கடந்த காலத்தை அறிவதே தொழிலாகக் கொண்ட ஒரே ஆள் அவர். கானின் ஆட்சியில் வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கத் தகுதியுள்ளவரும் அவரே. எழுத்தாளர்கள் அவருக்குக் கொடுத்தது பழங்கால வீரர்கள்மீது ஒரு மயக்கமும், கப்பலைக் காட்டிக்கொடுக்கும் பழியும். கிர்க்கும் ஸ்காட்டும் வியந்தால் அது பெருந்தன்மை. அவர் வியந்தால் துரோகம்.

இறுதியில் கிர்க் ஒரு விசாரணையைக் கூட்டி, எல்லாக் குற்றச்சாட்டுகளையும் சில நொடிகளில் கைவிட்டு, கானுக்கு ஆள்வதற்கென்று ஒரு கோளையே கொடுத்தனுப்புகிறார். அதே லாஸ் ஏஞ்சலிஸில், அத்தியாயம் ஒளிபரப்பான பின் வந்த சில ஆண்டுகளில், மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பலர் பிரசவ வலியின் நடுவே, தமக்கு விளங்காத ஆங்கிலப் படிவங்களில் ஒப்பம் வாங்கப்பட்டுக் கருத்தடை செய்யப்பட்டார்கள். அவர்களில் பத்துப் பேர் தொடுத்த வழக்கு மட்ரிகல் எதிர் குயில்லிகன். நடந்தது மொழிப் புரிதலில் ஏற்பட்ட கோளாறு என்று கூறி, 1978இல் நீதிபதி மருத்துவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்.