பல்லவி: எழுத்தைப் பிரித்தால் பிறப்பு தெரியாது

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, நங்கநல்லூர் என்று சென்னையின் தெற்குப் புறநகர்களில் பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளிடம் பல்லவி என்ற சொல் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். 'ப' என்றால் பதம், 'ல' என்றால் லயம், 'வி' என்றால் விந்யாசம், மூன்றும் சேர்ந்தால் பல்லவி என்பார்கள். தேர்வு விடைகளிலும் கச்சேரி அறிமுகங்களிலும் இதே விளக்கம்தான். ஒரு வடிவத்தின் இலக்கணத்தை நினைவில் வைக்க இது நல்ல உத்தி. சொல்லின் பிறப்பாக இதைச் சொல்வதுதான் தவறு.

முதலில் காலக் கணக்கு. பதம், லயம், விந்யாசம் என்ற மூன்றும் கச்சிதமாகப் பொருந்துவது ராகம் தானம் பல்லவிக்கு. அங்கே ஒரே ஒரு வரியைத் தாளத்தில் நிறுத்தி, நிரவல், திரிகாலம், கற்பனாஸ்வரம் என்று விரிக்கிறார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அந்தக் கலை பெரிதாக வளர்ந்தது. அதில் தேர்ந்தவர்களுக்கு அதுவே பட்டமாகவும் ஆனது. 'பல்லவி' கோபாலய்யர் அப்படிப் பெயர் பெற்றவர். ஆனால் 15ஆம் நூற்றாண்டின் அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளிலேயே பல்லவி இருக்கிறது. அங்கே அது முதலில் எடுக்கும் அடி. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் திரும்பி வந்து சேரும் அடி. அவ்வளவுதான் அதன் வேலை. விந்யாசம் செய்தால்தான் பல்லவி என்ற நிபந்தனை அங்கே இல்லை. பின்னால் வளர்ந்த ஒரு கலையின் இலக்கணம் முன்பே வழங்கிய சொல்லைப் பெற்றிருக்க முடியாது.

இரண்டாவது, அனுபல்லவி. 'அனு' என்றால் பின்தொடர்வது. பல்லவியைப் பின்தொடரும் பகுதி என்பதால் அது அனுபல்லவி. முழுப்பொருள் கொண்ட ஒரு சொல்லாகப் பல்லவி நின்றதால்தான் அந்த முன்னொட்டு அதில் இயல்பாக ஒட்டியது. மூன்று முதலெழுத்துகளின் கூட்டாகப் பல்லவியைக் கொண்டால், அனுபல்லவிக்குப் பொருள் சொல்ல வழியில்லை.

மூன்றாவது, ஒடிசி நடனம். அதிலும் பல்லவி என்று ஓர் உருப்படி உண்டு. சாவேரிப் பல்லவி, ஆரபிப் பல்லவி என்று ராகத்தின் பெயராலேயே அழைக்கிறார்கள். ராகமும் அசைவும் மெல்ல மெல்ல விரியும் தூய நடனம் அது. பொருள் தரும் சாகித்தியத்தை அது நம்பி இருப்பதில்லை. பதத்துக்கு இடமில்லாத ஒன்றுக்குப் பதத்தில் தொடங்கும் பெயர் எப்படி வரும்?

நான்காவது, எழுத்து விளையாட்டின் இயல்பு. பல்லவியின் நான்கு எழுத்துகள் ப, ல், ல, வி. இவற்றை இடம் மாற்றினால் 'பல வில்' என்று வரும். 'வில் பல' என்றும் வரும். வயலினுக்கு வில் உண்டு, வில்லுப்பாட்டுக்கும் வில் உண்டு. அதனால் பல்லவி வில்லிலிருந்து பிறந்தது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா? முதலெழுத்துகளைப் பிரித்துச் சொல்லும் விளக்கத்துக்கும் இதைவிட வலுவான ஆதாரம் இல்லை. அது இரட்டை 'ல'கரத்துக்குக்கூடக் காரணம் காட்டவில்லை. பரதம் என்றால் பாவம், ராகம், தாளம் என்பதும் இதே வழியில் பிற்பாடு சொன்ன விளக்கம்தான்.

எழுத்துகளை வைத்து விளையாடுவது நம் மரபில் மதிப்புள்ள கலை. திருஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகமே பாடியிருக்கிறார். இசையிலும் எழுத்துக்குள் எண்ணை ஒளித்து வைத்த இடம் உண்டு. கடபயாதி முறையில் 'தீர' என்பது 29, 'மேச' என்பது 65. அதனால் 29ஆவது மேளம் தீரசங்கராபரணம், 65ஆவது மேளம் மேசகல்யாணி. ஆனால் அங்கே நடந்ததைக் கவனியுங்கள். சங்கராபரணமும் கல்யாணியும் முன்பே இருந்த பெயர்கள். எண் பொருந்துவதற்காக முன்னால் இரண்டெழுத்தைத் திட்டமிட்டுச் சேர்த்தார்கள். சேர்த்த தடம் கண்ணுக்குத் தெரிகிறது. பல்லவியில் அப்படி ஒரு தடமும் இல்லை.

ஐந்தாவது, இதற்கு எதிர்ப்பக்கத்து ஆசை ஒன்று. பல்லாவரம் என்பது பல்லவபுரம்தான். அங்குள்ள குடைவரையில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவனுடைய பட்டங்களில் 'சங்கீர்ணஜாதி' என்பது இசையோடு சேர்த்துப் பேசப்படுவது. அப்படியானால் பல்லவர் தந்ததே பல்லவி என்று சொல்லலாமா? கூடாது. பல்லவர் காலத்தில் எழுந்த தேவாரப் பதிகங்களில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற பகுப்பே இல்லை. பல்லவரோடு சேர்த்துப் பேசப்படும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டில் இருப்பவை ஸ்வரக் கோவைகள். பல்லவி கொண்ட பாட்டு அங்கும் இல்லை. ஓசை ஒத்துப்போவது உறவுக்குச் சான்றாகாது.

அப்படியென்றால் பல்லவி எந்தக் குடும்பத்துச் சொல்? வடமொழியில் பல்லவம் என்றால் தளிர். பல்லவிதம் என்றால் துளிர்த்தது, விரிந்தது. கீர்த்தனையில் பாட்டு துளிர்க்கும் அடிக்கும், கச்சேரியில் விரிந்துகொண்டே போகும் ஒற்றை வரிக்கும், ஒடிசியில் மெல்ல மலரும் நடனத்துக்கும் இந்த ஒரே பொருள் பொருந்துகிறது. பதம், லயம், விந்யாசம் என்ற விளக்கமோ மூன்றில் ஒன்றுக்கு மட்டும்தான் பொருந்துகிறது. பேச்சுவழக்கும் சொல்லின் வேலையைச் சரியாகவே பிடித்து வைத்திருக்கிறது. சொன்னதையே சொல்பவரிடம் 'மறுபடியும் அதே பல்லவியா?' என்கிறோம். தமிழிசை வழக்கில் பல்லவிக்கு எடுப்பு என்று பெயர். அனுபல்லவி தொடுப்பு, சரணம் முடிப்பு. மூன்றும் அந்தந்தப் பகுதியின் வேலையைச் சொல்லும் பெயர்கள்.

பாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதம், லயம், விந்யாசம் என்பதைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். ராகம் தானம் பல்லவியின் இலக்கணமாகச் சொல்லிக்கொடுங்கள். சொல் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் தளிர் என்று சொல்லுங்கள். கர்நாடக இசையின் நுட்பத்தைப் பிழையில்லாமல் கற்றுத்தரும் நாம், அதன் சொற்களின் வரலாற்றையும் பிழையில்லாமல் கற்றுத்தர வேண்டும்.