கடற்கரைப் பாடமும் அடுக்களைப் பாடமும்

செப்டம்பர் 5 வந்துவிட்டால் போதும், நம்மூர் பள்ளிக்கூட மேடைகளில் ஒரு கதை தவறாமல் வந்துவிடும். அப்துல் கலாமுக்குப் பறவை பறப்பதைக் கற்றுக்கொடுத்த ஆசிரியரின் கதை. சொல்லப்பட வேண்டிய கதைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதே ஆசிரியர் அதே மாணவனுக்கு நடத்திய இன்னொரு பாடம் இருக்கிறது. மேடையில் பேசுகிறவர்கள் அதை ஏனோ அவ்வளவாகத் தொடுவதில்லை. தொட்டால் சுடும் என்பதாலோ என்னவோ!

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு. 1931ல் பிறந்த கலாமுக்கு அப்போது சுமார் பத்து வயது. சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைகிறார். இறக்கையை அடித்து எப்படி மேலே எழும்புகிறது, வாலைத் திருப்பி எப்படித் திசை மாறுகிறது என்று விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்கிறார். புரியவில்லை என்கிறான் சிறுவன் கலாம். மற்ற பையன்களும் அதையே சொல்கிறார்கள். வேறு வாத்தியாராக இருந்தால் "இவ்வளவு நேரம் தூங்கிக்கொண்டா இருந்தீர்கள்?" என்று ஆரம்பித்திருப்பார். ஐயர் கோபப்படவில்லை. எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், பறந்துகொண்டிருந்த பறவைகளையே காட்டிப் பாடத்தை நடத்தி முடித்தார். பிறகு கலாம் திருச்சியில் இயற்பியல் படித்ததும், சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்ததும், 1980ல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் பறந்ததும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இனி தெரிய வேண்டிய கதை. 1999ல் வெளிவந்த 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாமே இதைச் சொல்லியிருக்கிறார்.

அதே பள்ளிக்கு ஒரு புது ஆசிரியர் வருகிறார். முதல் வரிசையில் தொப்பி போட்ட கலாமும், பூணூல் போட்ட ராமநாத சாஸ்திரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோயில் அர்ச்சகர் வீட்டுப் பிள்ளையோடு ஒரு முஸ்லிம் பையன் உட்காருவது அவருக்குப் பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி பெஞ்சுக்குப் போகச் சொல்கிறார். கலாம் எழுந்து போகும்போது முன் பெஞ்சில் இருந்த ராமநாதன் அழுகிறான். அந்த அழுகையைக் கலாம் கடைசி வரை மறக்கவில்லை.

இரண்டு பிள்ளைகளும் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். ராமநாதனின் அப்பா லட்சுமண சாஸ்திரி, ராமேஸ்வரம் கோயிலின் தலைமை அர்ச்சகர். அவர் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு, பிஞ்சு மனதில் விஷத்தை விதைக்காதே, மன்னிப்புக் கேள், இல்லையென்றால் ஊரை விட்டுப் போ என்கிற மாதிரி கண்டித்துவிட்டார். ஆசிரியரும் திருந்தினார். கவனியுங்கள், புகாரை வாங்கிக்கொண்டு "பையன்கள் விஷயம், பெரிசு பண்ணாதீர்கள்" என்று அனுப்பிவைக்கவில்லை!

இப்போது சிவசுப்பிரமணிய ஐயர். அவரும் ஆசாரமான குடும்பம்தான். மனைவி இன்னும் கட்டுப்பாடானவர். ஒரு நாள் ஐயர் கலாமைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறார். மடி பார்க்கும் தன் அடுக்களையில் ஒரு முஸ்லிம் பையனுக்குப் பரிமாற மாட்டேன் என்று அந்த அம்மாள் மறுத்துவிடுகிறார். ஐயர் மனைவியிடம் சண்டைக்கும் போகவில்லை, பையனைத் திருப்பி அனுப்பவும் இல்லை. தானே பரிமாறிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சோறு சாப்பிடுவதிலும் தண்ணீர் குடிப்பதிலும் சாப்பிட்ட இடத்தைத் துடைப்பதிலும் தன்னிடம் என்ன வித்தியாசத்தைக் கண்டிருப்பார் என்று அந்தச் சிறுவன் யோசித்தானாம். பத்து வயசுப் பையன் யோசிக்க வேண்டிய விஷயமா இது?

கிளம்பும்போது ஐயர், அடுத்த வாரமும் சாப்பிட வா என்கிறார். பையன் தயங்குகிறான். அவன் தயக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒரு முறையை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் இதையெல்லாம் சந்தித்துத்தான் ஆக வேண்டும் என்று அவனுக்குப் புரிய வைக்கிறார். அடுத்த வாரம் போனபோது அந்த அம்மாளே அவனை அடுக்களைக்குள் அழைத்துப் போய், தன் கையால் பரிமாறினார்.

இதில் பெரிய விஷயம் எது? முதல் அழைப்பு அல்ல. நல்ல மனசு உள்ள யாரும் ஒரு தடவை கூப்பிட்டுவிடலாம். வீட்டில் முகம் சுளித்தபிறகு, "சரி, நம்மால் முடிந்தது இவ்வளவுதான்" என்று ஒதுங்கிக்கொள்வதுதான் வழக்கம். முதல் தடவைக்குப் பெயர் கிடைக்கும். இரண்டாவது தடவைக்கு வீட்டு நிம்மதிதான் விலை. அந்தச் செலவை எந்த ஐந்தொகையிலும் எழுத முடியாது. ஐயர் அந்த விலையைக் கொடுக்கத் துணிந்தார். அவருக்கு மட்டும் பாராட்டுக் கொடுத்தாலும் போதாது. பிறந்ததிலிருந்து பழகிய ஒரு பழக்கத்தை ஒரே வாரத்தில் தாண்டி வந்த அந்த அம்மாளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை.

கலாமின் ஆசிரியர்களில் இன்னொருவரையும் மேடையில் ரொம்பப் பேர் இழுப்பார்கள். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியின் கணக்கு ஆசிரியர் ராமகிருஷ்ண ஐயர். தெரியாமல் அவர் வகுப்புக்குள் நுழைந்த கலாமைப் பிரம்பால் அடித்தார். பிறகு கலாம் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியதும், தன்னிடம் அடி வாங்கியவன் பெரிய ஆளாக வருவான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். உடனே "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று கிளம்பிவிடுகிறார்கள்! அடி வாங்கிப் படிப்பையே விட்ட பிள்ளைகளை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை, அதனால் கணக்கு எப்போதும் பிரம்புக்குச் சாதகமாகவே வருகிறது. நல்லவேளை, 2009ம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் மாணவர்களை அடிப்பதைத் தடை செய்துவிட்டது.

இதெல்லாம் சுதந்திரத்துக்கு முந்தைய கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், ஒரு பிளஸ் டூ தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் வேறு யாரும் அல்ல, அவனோடு பள்ளியில் படித்த மாணவர்கள். அதன்பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை நியமித்தது. அவர் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் கலர் கயிறுகள் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் இருக்கின்றன. (அகரவரிசை என்றால் கலாமும் ராமநாதனும் பக்கத்தில் உட்கார முடியாதுதான்! பரவாயில்லை, பிரித்தது சாதியோ மதமோ அல்லவே.)

பரிந்துரைகள் தேவைதான். எண்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பெஞ்சில் நடந்ததைத் தடுக்க இன்றைக்கும் அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது என்பதுதான் வருத்தம். பெஞ்சுக்கு உத்தரவு போட்டுவிடலாம். மதிய இடைவேளையில் ஆசிரியர்கள் அறையில் யார் யாரோடு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள், யார் கொடுத்த குழம்பை யார் "வேண்டாம் சார், வயிறு சரியில்லை" என்று ஒதுக்குகிறார்கள் என்பதை, சாக்பீஸ் எடுக்கப் போகும் பையன் பார்த்துவிட்டுத்தான் வருகிறான். வகுப்புக்குத் திரும்பியதும் மற்றவர்களிடமும் சொல்கிறான்.