குவியலைக் காட்டுவோரே, நீரைக் காட்டுங்கள்!

மரக்காணத்து உப்பளத்திலே தோல் கறுக்க, கண் கூச, ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒரு தொழிலாளியை அழைத்து, இரண்டு பாத்திகளைக் காட்டி, "எவன் திறமைசாலி?" என்று கேட்டுப் பாருங்கள். உயர்ந்து நிற்கும் வெண்குவியலைக் கண்டு அவர் மயங்கிவிடமாட்டார். "பாத்திக்கு வந்தபோது நீர் எத்தனை டிகிரி?" என்றுதான் முதலிலே கேட்பார். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரியிலே உள்ளே வருகிறது. வெயிலிலே வற்றி, பாத்தி மாறி, மீண்டும் வற்றி, 25 டிகிரியைத் தொட்ட பிறகே உப்பு விளையத் தொடங்குகிறது. ஒருவனுக்கு 3 டிகிரி நீரையும், மற்றவனுக்கு 20 டிகிரி நீரையும் தந்துவிட்டு, மாலையிலே குவியலை மட்டும் அளந்து பரிசு கொடுப்பவனை உப்பளம் நீதிமான் என்று ஏற்காது, எள்ளி நகையாடும்!

உவர்மண்ணிலே நிற்பவருக்குப் புரிந்த இந்த நியாயம், கல்வியைப்பற்றி நமக்கு உபதேசிக்க வரும் கனவான்களுக்கு ஏன் புரியவில்லை?

ஆண்டுதோறும் தேர்வு முடிவு வந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் முளைக்கும் விளம்பரப் பலகைகளைப் பாருங்கள். "நூற்றுக்கு நூறு தேர்ச்சி!" பூரித்த முகங்கள், பொன்னிற எழுத்துகள்! எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் இடையிலே அனுப்பப்பட்டனர், எவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது என்பதற்கெல்லாம் அந்தப் பலகையிலே இடமில்லை. அந்தப் பலகையையே சாட்சியாக நிறுத்தி, "அரசுப் பள்ளிகளைத் தனியாரிடம் ஒப்படையுங்கள், பணத்தை மட்டும் அரசு கொடுக்கட்டும்" என்கின்றனர். இராஜஸ்தானத்திலே 2017 ஆம் ஆண்டு, 300 அரசுப் பள்ளிகளைத் தனியார் பங்கேற்புடன் நடத்த அன்றைய அரசு கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டிலே 2025 தொடக்கத்தில், 500 அரசுப் பள்ளிகள் தனியாருக்குத் தத்துக் கொடுக்கப்படுகின்றனவா என்று ஐயம் எழுந்ததும் ஊரே கொதித்தது, அரசு மறுத்தது. மறுத்தது மகிழ்ச்சியே. ஆனால் அந்த எண்ணம் மாண்டுவிட்டது என்று நாம் நம்பிவிடவில்லை.

இதற்கு அமெரிக்காவிலே 'சார்ட்டர் பள்ளி' என்று பெயர். பணம் மக்களுடையது, நிர்வாகம் தனியாருடையது. மின்னசோட்டா மாநிலம் 1991 இல் முதன்முதலாக இதற்குச் சட்டம் இயற்றியது. புதுமை, புரட்சி என்று புளகாங்கிதம் அடைவோருக்கு ஒன்று சொல்வோம். 1854 ஆம் ஆண்டு வுட் அறிக்கை வந்த நாள்முதல் இந்த நாட்டிலே உதவிபெறும் பள்ளிகள் உண்டு. அரசு மானியம், தனியார் நிர்வாகம்! நாம் நூறாண்டுக்கு மேலாகப் பார்த்துப் பழகிய பண்டத்தை மேல்நாட்டு உறையிலே போட்டுத் தருகிறார்கள்.

முடிவைப் பார்த்துப் பணம் கொடுப்பதும் பழைய கதையே. இங்கிலாந்திலே 1862 இல் இராபர்ட் லோ என்பார், தேர்விலே பிள்ளைகள் வாசிப்பதற்கேற்ப மானியம் என்று விதித்தார். விளைவு? பாடப்புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்ட சிறுவன், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே 'வாசித்தானாம்'! பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இந்த முறையைக் கண்டித்தார். சென்னை மாகாணத்துக்கும் இந்த நோய் கப்பலேறி வந்தது.

"எல்லாம் சரி, ஆராய்ச்சி என்ன சொல்லுகிறது?" என்பர். பகுத்தறிவாளரிடம் இப்படிக் கேட்பது முறையே. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2009 இல் கணக்கெடுத்தது. கணக்குப் பாடத்திலே, பொதுப்பள்ளியைவிட மேலான சார்ட்டர் பள்ளிகள் நூற்றுக்கு 17, தாழ்ந்தவை 37, வேறுபாடு காட்டாதவை 46. நமக்கு உவப்பான ஏட்டை மட்டும் விரித்துவிட்டு ஓடமாட்டோம். அதே குழு 2023 இல், சார்ட்டர் மாணவர் சராசரியாக வாசிப்பிலே 16 நாள், கணக்கிலே 6 நாள் படிப்புக்கு நிகரான முன்னேற்றம் கூடுதலாகப் பெற்றதாக அறிவித்தது. இருக்கட்டும். ஆனால் இரண்டு ஆண்டுகளிலும் அவர்கள் தேர்ச்சி விகிதங்களை அப்படியே தராசிலே ஏற்றவில்லை. ஒரே நிலையிலே தொடங்கிய, ஒரே வகைக் குடும்பச் சூழலுடைய பிள்ளைகளை இணை சேர்த்தே ஒப்பிட்டனர். அதாவது, நீர் எத்தனை டிகிரி என்று முதலிலே கேட்டனர்!

நம் பக்கத்து ஆந்திரத்திலே இன்னும் நேர்மையான சோதனை நடந்தது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற பொருளியல் அறிஞர்கள் 2008 இல் தொடங்கி, விண்ணப்பித்த ஏழைப் பிள்ளைகளிலே குலுக்கல்மூலம் சிலரைத் தேர்ந்து, கட்டணம் கொடுத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பினர். நான்கு ஆண்டு கழித்துத் தெலுங்கிலும் கணக்கிலும் இரு சாராருக்கும் வேறுபாடு தென்படவில்லை. இந்தியிலே தனியார் பள்ளிப் பிள்ளைகள் முந்தினர். தனியார் பள்ளியின் செலவோ மூன்றிலொரு பங்கினும் குறைவு. "ஆகா, சிக்கனம்!" என்று குதிக்குமுன், அந்தச் சிக்கனம் எங்கிருந்து பிறந்தது என்று பாருங்கள். அரசு ஆசிரியரைவிடப் பன்மடங்கு குறைந்த ஊதியம் பெற்று அங்கே பாடம் நடத்தியவரின் வயிற்றிலிருந்து பிறந்தது!

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். நடுநிலைப் பள்ளிக்குப் பொதுத்தேர்வு இல்லை. 5, 8 வகுப்புகளுக்குத் தேர்வு வைக்க 2019 இல் எழுந்த திட்டம், எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியிலே கைவிடப்பட்டது. அப்படியானால் எதைக்கொண்டு அளப்பது? ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கக் குறியீட்டு எண் உண்டு. தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். யுடைஸ் என்னும் பொதுத் தரவிலே வகுப்புவாரி எண்ணிக்கை கிடைக்கும். (வகுப்புவாரி என்றதும் சிலர் பதறவேண்டாம், ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என்பதைத்தான் சொல்கிறோம்!) ஆசிரியர் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, குடிநீர் உண்டா என்பதும் கிடைக்கும். ஒரு கணக்குக்காகச் சொல்கிறோம்: ஓராண்டில் 6 ஆம் வகுப்பில் 40 பேர், இரண்டாண்டு கழித்து 8 ஆம் வகுப்பில் 28 பேர். பிறகு உயர்நிலைப் பள்ளியிலே அந்த 28 பேரும் தேறினால், பலகையிலே நூற்றுக்கு நூறு! தொடங்கிய 40 பேரை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 70. மீதி 12 பேர் எங்கே? குடும்பம் ஊர் மாறியிருக்கலாம், மறுக்கவில்லை. பக்கத்து அரசுப் பள்ளியிலே அதே ஆண்டுகளில் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால், அவர்கள் கழித்த சுமையை யார் தாங்கினர் என்பது விளங்கும்.

கல்வி உரிமைச் சட்டம், 2009, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 ரூபாய் வரை அபராதம். உயர் தொடக்க வகுப்புகளுக்கு 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆண்டுக்கு 220 வேலை நாள் என்றும் அதே சட்டம் வரையறுக்கிறது. இவை பள்ளி தர வேண்டியவை. பிள்ளை கொண்டுவருவது எது? அது எந்தத் தரவுத்தாளிலும் முழுமையாக இல்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டியதும் பாத்திகள் மூழ்கும், வேலை நிற்கும். மழைக்காலத்துக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5000 ரூபாய் நிவாரணம் என்று அரசே திட்டம் வகுத்தது என்றால், அந்த அடுப்புகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். அரையாண்டுத் தேர்வும் அந்த டிசம்பரிலேதான் வருகிறது! அந்தத் தாளிலே விழும் மதிப்பெண் பிள்ளையினுடையதா, அடுப்பினுடையதா?

நம் பள்ளி என்பதற்காக அரசுப் பள்ளிக்கும் நாம் சலுகை காட்டச் சொல்லவில்லை. ஓராசிரியர் மூன்று வகுப்பைக் கட்டி மேய்த்தால் அதைக் கேட்போம். வருகைப் பதிவேட்டிலே இல்லாத பிள்ளை இருப்பதாக எழுதப்பட்டால் அதையும் கேட்போம். பள்ளி மேலாண்மைக் குழுவிலே முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்வது இப்படிக் கேட்பதற்காகத்தானே? அரசு உதவிபெறாத தனியார் பள்ளிக்கு அந்தக் குழுவும் கட்டாயமில்லை, கேட்பார் யார்?

ஆகவே, தோழர்களே, அடுத்த முறை எவரேனும் குவியலைக் காட்டி, "எங்களிடம் ஒப்படையுங்கள்" என்று வந்தால், வாதாடி நேரத்தை வீணாக்கவேண்டாம். ஐந்தாண்டுச் சேர்க்கைப் பதிவேட்டையும், மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தின் அடிக்கட்டைகளையும் மேசைமீது வைக்கச் சொல்லுங்கள். அந்த அடிக்கட்டைகளிலே எத்தனை உப்பளத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிய பிறகு பேசுவோம்.