ஊழியம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடுமா?



“பள்ளி வேலை வயிற்றுப் பிழைப்புக்கு, வார இறுதியில் திருச்சபைக்குச் செய்வதே ஊழியம்” என்று நம் கிறித்தவ ஆசிரியர் சிலர் கூறுகின்றனர். இக்கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை.

அரசுச் சம்பளம் பெறுபவரையும் ஊழியர் என்கிறோம். திருச்சபையில் தொண்டாற்றுபவரையும் ஊழியர் என்கிறோம். தமிழ் இரண்டிற்கும் ஒரே சொல்லைத் தந்திருக்கிறது. நாமோ அதனைப் பிளந்து, ஒரு பாதியை இறைவனுக்கும் மறுபாதியை மாதச் சம்பளத்திற்கும் உரியதாக்கிவிட்டோம். இப்பிளவால் இழப்பு யாருக்கு? வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு!

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் நூறு ஆடுகளின் உவமை உள்ளது. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் செல்கிறான் மேய்ப்பன். இவ்வுவமையை மனமுருகப் போதிப்பவர், நான்காம் ஆண்டுக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாத மாணவனை, “இவன் தேறமாட்டான்” என்று ஒதுக்கலாமா? குறைநீக்கல் வகுப்பு ஆசிரியரின் பொறுப்பு என்று கைகழுவலாமா? யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்ச்சி விழுக்காடு என்னும் சாக்கும் அதனோடு அகன்றிருக்க வேண்டும்.

“அப்படியானால் நற்செய்தியை அறிவிக்க வேண்டாமா?” என்று கேட்பீர்கள். அறிவியுங்கள், ஆனால், வகுப்பறை அதற்கு மேடையன்று. நம் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் இந்துக்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் சமயத்தை முடிவுசெய்யும் உரிமை பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ உரியது என மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 12ஆம் பிரிவு கூறுகிறது. சட்டம் கிடக்கட்டும். நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பிள்ளையிடம், ஆசிரியர் என்னும் அதிகாரத்தைக் கொண்டு சமயம் பேசுவது நம்பிக்கைத் துரோகம் அன்றோ?

பின் எவ்வாறு சாட்சி பகர்வது? தனிநாயகம் அடிகளாரை எண்ணிப் பாருங்கள். கத்தோலிக்கக் குருவான அவர், 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றார். 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற அரும்பாடுபட்டார். அவருடைய குருத்துவமும் தமிழ்ப்பணியும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. அவ்வுழைப்பின் பயனை எல்லாச் சமயத் தமிழரும் துய்க்கின்றனர். சாட்சி என்பது அதுவே.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். இல்லத்தில் நாள்தோறும் குடும்ப ஜெபம் நடைபெறலாம். அது முடிந்த கையோடு அண்டை வீட்டாரின் சாதியையோ வழிபாட்டையோ இழித்துப் பேசினால், பிள்ளை எதனைக் கற்கும்? ஜெபத்தையா, பேச்சையா?

குறித்த நேரத்தில் வகுப்பில் இருப்பது ஊழியம். பயிற்சிப் புத்தகத்தை முழுமையாகத் திருத்துவது ஊழியம். வாசிக்கத் தெரியாத பிள்ளையின் அருகில் அமர்ந்து அகர வரிசையை மீண்டும் தொடங்குவது ஊழியம். இவற்றைச் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்து நில்லுங்கள். அச்சாட்சிக்கு மதிப்பிருக்கும்.